கட்டி விழுந்த ஈரலை நாய்க்கு வீசாதீங்க

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கிடா வெட்டுல ஈரல்லயோ நுரையீரல்லயோ தண்ணி கோத்த கோலிகுண்டு மாதிரி வெள்ளைக் கட்டி இருந்தா, அறுத்துத் தூர வீசுவாங்க. பட்டி நாய் கவ்விட்டுப் போயிடும். வினை அங்கதான். அது எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவோட கட்டி. உள்ள மணல் மாதிரி இருக்குற ஒவ்வொரு துகளும் நாய்க் குடல்ல ஒரு புழுவாகலாம். நீளம் 7 மி.மீ.க்குள்ளதான், அதனால நாய் பீயில கண்ணுக்குச் சிக்காது. ஆறேழு வாரத்துல புழுவோட முட்டை நாய் பீயோட புல்லுல விழும். அந்தப் புல்லை ஆடு மேயும். நாயைத் தடவுன கையோட நாம சோறு தின்னுவோம், கட்டி நம்ம ஈரல்ல வளரும்.

 

கட்டி உள்ள உறுப்பை 30 நிமிஷம் கொதிக்க வைங்க, இல்ல நாய் தோண்ட முடியாத ஆழத்துல புதைங்க. நாய்க்கு பிரசிகுவான்டல்ங்கிற புழு மருந்து, கிலோவுக்கு 5 மி.கி.; கண் மதிப்புல வேணாம், எடை போட்டுக் குடுங்க. வழக்கமா குடுக்குற புழு மருந்து ஃபென்பென்டசோலை இதுக்கு நம்பாதீங்க. பிரசிகுவான்டல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால அடுத்த 3 நாள் நாயைக் கட்டிப் போட்டு, பீயை எரிச்சிடுங்க. சானிடைசரும் இந்த முட்டைகிட்ட பலிக்காது, சோப்பு போட்டுத் தேச்சுக் கழுவணும்.