கட்டைவிரல்: டென்வர் குறிப்புகள்

2013 செப்டம்பர் 5, வியாழன்

மின்னலால் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் அரை மணிக்கு மேல் தள்ளிப்போனது. பையன் சோபாவை விட்டு அசையவில்லை. நானும்தான். படுத்தால் வலிக்கிறது, நிமிர்ந்து உட்கார்ந்தால் கை மரத்துப்போகிறது. டிவி முன்னால் சாய்ந்து கிடப்பது ஒன்றுதான் தோதாக இருக்கிறது.

இந்த ஊர் பிராங்கோஸ் அணியில் பந்தெறிகிற குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் ஏழு டச்டவுன் எறிந்தார், எதிரணியின் எல்லைக்குள் போய்ச் சேர்ந்து புள்ளி தரும் எறிதல் அது. லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலைப் போன தடவை ஜெயித்த பால்டிமோருக்கு எதிராக, 49-27. ஒரே ஆட்டத்தில் ஏழு என்பது 1969க்குப் பிறகு இப்போதுதானாம். பையன் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் கட்டாயம் வருவார் என்று நினைத்தேன். மேலே டொம் டொம் என்றால் அவரும் ஆட்டம்தான் பார்த்துக்கொண்டிருப்பார் போல, வரவில்லை.

நான் அந்த மனிதரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 6

கட்டைவிரலில் இன்றும் உணர்ச்சி இல்லை.

செப்டம்பர் 12

விடாத மழை. போல்டர் பக்கம் ரோடெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இங்கே அரோராவிலும் தண்ணீர். எம்.ஆர்.ஐ. தள்ளிப்போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 24

ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவில் டிஸ்க் பிதுங்கி நரம்பை நெரிக்கிறதாம். பிடித்து அழுத்தும் கருவியைக் கையில் கொடுத்தார்கள். இடது 52, வலது 28.

டாக்டர் என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். "நம் குவார்ட்டர்பேக்குக்கும் கழுத்தில் எலும்பை ஒட்டவைக்கும் இதே பியூஷன்தான்" என்றார். இந்த ஊரில் கழுத்து என்று ஆரம்பித்தாலே மேனிங்கில்தான் போய் முடிகிறது.

அக்டோபர் 6

டல்லாஸில் 51-48. அந்தப் பக்கத்து குவார்ட்டர்பேக் ரோமோ எறிதலில் மொத்தம் 506 யார்டு தூரம் சேர்த்தும் தோற்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

இண்டியானாபோலிஸ். மேனிங் 1998லிருந்து ஆடிய ஊர். 2011 முழுக்கக் கழுத்தால் உட்கார்ந்திருந்தார், மறு மார்ச்சில் விட்டுவிட்டார்கள். இன்று ஆட்டத்துக்கு முன்னால் படம் போட்டு, எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையை உயர்த்தினார். அப்புறம் அவர் இடத்துக்கு வந்த பையன் லக் 39-33 என்று தோற்கடித்து அனுப்பினான்.

எனக்கு அழுகை வந்தது. மாத்திரையாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 23

இரவு தூக்கமில்லை. போனில் அவரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். 2011இல் சம்பளத் தகராறில் கிளப்புகள் வீரர்களை உள்ளே விடாத சமயம். யார் கண்ணிலும் படாமல் எறிந்து பார்க்க இதே டென்வருக்கு வந்திருக்கிறார், போன மாதம் ஓய்வுபெற்ற பேஸ்பால்காரர் டாட் ஹெல்டனிடம். இருவரும் டென்னசியில் ஒன்றாகப் படித்தவர்கள். முதல் எறிதல் பாதி வழியிலேயே தரையில் குத்தி விழுந்ததாம். ஹெல்டன் சிரித்திருக்கிறார், விளையாட்டுக்குச் செய்கிறார் என்று.

இதைப் படித்தபின் எழுந்துபோய் சமையலறையில் நின்றேன். ஆகஸ்டில் தேங்காய்த்துருவி கையிலிருந்து நழுவியபோது இவரும் சிரித்தார். அவர் மேல் தப்பில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

நவம்பர் 2, தீபாவளி

முறுக்கு அச்சைத் திருக முடியவில்லை. இவர் பிழிந்தார், பேன்கேக் அளவுக்கு. அம்மா போனில், "ஏளா, கழுத்துல கத்தி வைக்க விட்டுராத, ஊருக்கு வா, எண்ணெய் போட்டு நீவிவிட்டாச் சரியாயிரும்."

இரவுச் செய்தியில் பிராங்கோஸ் கோச் ஜான் ஃபாக்ஸ் கோல்ஃப் ஆடும்போது தலைசுற்றி ஆஸ்பத்திரியில். இதயத்தில் வால்வு மாற்றப் போகிறார்களாம். அவருக்கு எத்தனை நாளில் இன்ஷூரன்ஸ் அனுமதி கிடைத்திருக்கும்?

நவம்பர் 19

இன்ஷூரன்ஸ் மறுத்துவிட்டது. முதலில் ஆறு வாரம் பிசியோ.

நவம்பர் 24

நியூ இங்கிலாந்தில் பாதி ஆட்டம் முடியும்போது 24-0 என்று நாம்தான் முன்னால். பையனைத் தூங்க அனுப்பிவிட்டேன். காற்றும் குளிருமாக, அடுத்த பாதி முழுக்க அவர்கள் குவார்ட்டர்பேக் பிரேடி. கூடுதல் நேரத்தில் 34-31, தோல்வி. காலையில் பையனிடம் எப்படிச் சொல்ல?

டிசம்பர் 8

பாரன்ஹீட்டில் 18. குளிரில் மேனிங்கால் எறிய முடியாது என்று ஒரு வாரமாக எல்லா வாயும் பேசியது. 59 முறை எறிந்து 39ஐத் தன் ஆட்கள் கையில் சேர்த்தார், நாலு டச்டவுன், 51-28. பேட்டியில் சுருக்கென்று பதிலும் சொன்னார், ரசித்தேன்.

வலது கையில் கையுறை. விரல்நுனியில் முழு உணர்ச்சி இல்லாதவருக்குப் பிடிமானம் அதுதான். நானும் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு கோலமாவு எடுத்துப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

டிசம்பர் 16, மார்கழி பிறப்பு

பால்கனி சிமெண்டில் ஐந்து புள்ளி. கோலமாவு ஆட்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு இடத்தில் கொட்டி, ஒரு இடத்தில் இழையே இல்லாமல். என் கையெழுத்தை வேறு யாரோ போட்ட மாதிரி. தண்ணீர் ஊற்றி அழித்தேன், அது உறைந்து இவர் வழுக்கி விழப் பார்த்தார்.

டிசம்பர் 22

ஹூஸ்டனில் மேனிங்குக்கு இந்த சீசனின் 51வது டச்டவுன். பிரேடியின் 2007 சாதனை போயிற்று. பந்தைப் பிடித்தது ஜூலியஸ் தாமஸ்.

டிசம்பர் 29

ஓக்லண்டில் முதல் பாதியிலேயே நாலு எறிந்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். மொத்தம் 55. யார்டு 5,477, பழைய சாதனை 5,476. ஒரே ஒரு யார்டு. அதிலும் ஒரு பந்து பின்னால் போனதோ, போனால் கணக்கில் சேராதே என்று சந்தேகம் கிளப்பி, கடைசியில் லீக் எண்ணிக்கையைத் தொடவில்லை. அணி 606 புள்ளி, அறுநூறைத் தாண்டிய முதல் அணி.

எனக்கு வலது கை அழுத்தம் 26. போன தடவை 28.

55 பற்றி எழுத உட்கார்ந்தால் 26தான் வருகிறது. பொறாமை என்று எழுதிவிடலாம். அவருக்கு வயது 37, எனக்கும் 37.

2014 ஜனவரி 9

இன்ஷூரன்ஸ் அனுமதி வந்துவிட்டது. பிப்ரவரி 4 ஆபரேஷன். பயம் இப்போதுதான் ஒழுங்காக ஆரம்பிக்கிறது.

ஜனவரி 12

சான் டியகோவை 24-17. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் "ஒமாஹா! ஒமாஹா!" என்று கத்துகிறார், 44 தடவையாம். பையன் போனில் ஆச்சியிடமும் கத்தினான். "யாருளா அது ஒமாஹா, அவன் கூடப் படிக்கவனா?"

ஜனவரி 14

பால் பொங்கியது. கோலம் இவர் போட்டார். கோடு பரவாயில்லை. எனக்குக் கோபம்.

ஜனவரி 19

பிரேடியை ஜெயித்தாச்சு, 26-16. 400 யார்டு.

ஜனவரி 30

ஆடி ஆடிப் பறக்கும் பந்தை இங்கே வாத்து என்கிறார்கள். சூப்பர் பௌலில் எதிரே ஆடப்போகும் சியாட்டில்காரர் ஷெர்மன், மேனிங் எறிவது வாத்து என்றார். மேனிங் கோபப்படவே இல்லை. ஆமாம், வாத்துதான், அதை வைத்தே நிறைய யார்டும் டச்டவுனும் எறிந்திருக்கிறேன் என்றார்.

ராத்திரி மாவை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். இழை மெலிந்தும் தடித்தும் வந்தது. அழிக்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

நேற்று மேனிங்குக்கு ஐந்தாவது தடவையாக எம்விபி, லீக்கின் சிறந்த வீரர் விருது, 50 ஓட்டில் 49.

இன்று சூப்பர் பௌல். முதல் பந்திலேயே, இரைச்சலில் எதுவும் கேட்காமல், அவர் ஏதோ சொல்ல முன்னால் நடந்துவரும்போதே பந்து தலையைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. 12 வினாடி. சியாட்டிலுக்கு இரண்டு புள்ளி. அதன்பிறகு விடிவே இல்லை, 43-8. 34 எறிதல் சேர்ந்ததாம், சூப்பர் பௌலில் அதுவரை யாரும் சேர்க்காத அளவு. பையன் பாதியில் எழுந்து தன் அறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டான். நான் கடைசிவரை பார்த்தேன். அவர் கழுத்தைத் திருப்பும்போது தோளும் சேர்ந்தே திரும்புகிறது. இத்தனை மாதம் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

பிப்ரவரி 3

முன்பக்கத்திலிருந்துதான் கீறுவார்களாம். தாலியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள், அம்மாவிடம் சொல்லவில்லை. நள்ளிரவுக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது. ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். இட்லி மாவு ப்ரிட்ஜில் மேல் தட்டில் இருக்கிறது என்று இவரிடம் சொல்ல