தளிர் விடும் முன் ஒரு வண்டி

டிசம்பர் 3, 2024, செவ்வாய்

குமரி மாவட்டத்து அருமனைத் தோட்டத்தில் ரப்பர் இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டன. இன்னும் சில வாரங்களில் மரங்கள் மொட்டையாகும். அதன்பின் செப்பு நிறத்தில் தளிர் வரும். மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் ஊறும் இனிப்பு நீர்தான் எங்களுக்கு வருடச் சம்பாத்தியம். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் இன்றும் நம்ப மறுக்கிறார்கள்.

என்னிடம் 64 தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. அருமனையில் கொஞ்சம், களியலில் கொஞ்சம், மீதி குலசேகரத்துக்கு மேலே. திருவட்டாறிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, தோட்டத்துக்குள் நடக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு தோட்டத்தைத்தான் பார்க்க முடிகிறது. தேன் வரத்துக் காலத்தில் வாரம் ஒரு முறையாவது ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, புது ராணி வளரும் ராணி அறை கட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கிள்ளிவிட வேண்டும். தவறினால் கூட்டம் பிரிந்து பறந்துவிடும். போன பருவத்தில் களியலில் பத்து நாள் தாமதித்துப் போனேன். ஏழு பெட்டிகளில் கூட்டம் பிரிந்து பாதியாகிக் கிடந்தது. வெறிச்சோடிய அந்த அடைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

இந்த முறை வண்டி இல்லாமல் பருவத்துக்குள் இறங்கமாட்டேன். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. கடன் வாங்கிப் புது வண்டி எடுக்க மனம் வரவில்லை. தேன் விலை நம் கையில் இல்லை, மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

மண்டைக்காடு பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் 2010 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ் நிற்கிறது என்று மைத்துனன் சொன்னான். விலை 18,000. “புகை தள்ளுகிறது, அதனால்தான் யாரும் எடுக்கவில்லை” என்றும் சொன்னான்.

டிசம்பர் 5, வியாழன்

திங்கள்நகரில் பஸ் மாறி மண்டைக்காடு போனேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அலைச் சத்தம் கேட்கிறது. தென்னை ஓலைச் சாய்ப்பின் கீழ், தார்ப்பாய் போர்த்தி வண்டி நின்றது.

முதலில் என்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. நான் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பாதிக் குறைகள் மறைந்துவிடும். சார் அப்படிச் செய்யவில்லை. அவர்மேல் அப்போதே ஒரு மரியாதை வந்தது. “தம்பி, மகன் துபாயில். ஆறு மாதமாக யாரும் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த குறையைச் சொல்லிவிடுகிறேன், தெரியாததை நீங்கள்தான் பார்க்க வேண்டும்” என்றார்.

நான்காவது உதையில் பிடித்தது. சைலன்சரிலிருந்து நீலம் கலந்த வெள்ளைப் புகை குப்பென்று வந்தது. ஒரு நிமிடத்தில் மெலிந்து, பிறகு ஏறக்குறைய நின்றே போனது. ஐட்லிங்கில் விட்டு, சற்று நேரம் கழித்து ஆக்சிலேட்டரை முறுக்கியபோது மறுபடியும் ஒரு திரள். என்ஜினின் இடப்பக்கம் டைமிங் செயின் சலசலக்கிறது. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்து தூசியோடு கட்டியிருக்கிறது. இன்சூரன்ஸ் ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டதால் ரோட்டில் இறக்கவில்லை. அவர்கள் தோப்புக்குள் மண் பாதையில் மூன்று சுற்று ஓட்டினேன். கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது, கியர் நழுவவில்லை.

எழுதும்போதே தெரிகிறது, வண்டி எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்த பிறகு கண் சரியாகப் பார்க்காது. கூட்டம் வாங்கப் போகும்போது தேனீ திரண்டிருப்பதைக் கண்டு மயங்காதே, ராணி இருக்கிறதா, புது முட்டை இருக்கிறதா பார் என்று என் தாய்மாமா சொல்லுவார். வண்டியில் ராணி எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் கேட்க வேண்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

மார்த்தாண்டத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணனைப் பார்த்தேன். வண்டி இல்லாமல் வாயால்தான் விவரித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “புகை எப்போது வருகிறது மக்களே?”

நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. அதுவரை எனக்கும் தெரியும். ஆயில் எங்கே இறங்குகிறது என்பதில்தான் காசு இருக்கிறது. முறுக்கி ஓட்டும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், சிலிண்டரும் தேய்ந்திருக்கும். கழற்றி லேத்துக்கு அனுப்பி, சிலிண்டரின் உட்புறத்தைக் குடைந்து பெரிதாக்கி (இதைத்தான் போர் செய்வது என்பார்கள்), பெரிய அளவு பிஸ்டன் போட வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் புகைந்தால், அல்லது ஐட்லிங்குக்குப் பிறகு முறுக்கும்போது மட்டும் புகைந்தால், வால்வு சீல் கெட்டித்துப்போய் ஆயில் சொட்டுகிறது என்று பொருள். சின்ன ரப்பர்த் துண்டு அது. ஹெட்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் பெரிது. ரப்பர் விளையும் ஊரில் இருந்துகொண்டு ஒரு ரப்பர்த் துண்டுக்காக வண்டியை ஒதுக்குகிறார்களே என்று நினைத்தேன்.

“சொல்லக் கேட்டால் வால்வு சீல் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் காதால் கேட்டு வைத்தியம் பார்க்க முடியாது, வண்டியைக் கொண்டு வா” என்றார். வால்வு சீல், டைமிங் செயின், ஃபோர்க் ஆயில் சீல், பிரேக் ஷூ, பேட்டரி, பின் டயர் எல்லாம் சேர்த்து 7,000 ஆகலாம். ரிங், போர் என்று போனால் இன்னும் ஐயாயிரத்துக்குக் குறையாது.

டிசம்பர் 11, புதன்

இன்று முழுவதும் காகிதங்கள். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யின் புகைப்படத்தைச் சார் அனுப்பியிருந்தார். பதிவு 2010 மார்ச் 18, டி.என். 75. பதினைந்து வருடக் கணக்கில் 2025 மார்ச் 17-ஆம் தேதியோடு செல்லுபடி முடிகிறது. ஐந்து வருடம் நீட்டிக்கப் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். முடியும் தேதிக்கு 60 நாளுக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. ஆக, தேன் எடுக்கும் நேரத்தில்தான் அந்த அலைச்சல் வரும்.

ஆர்.சி. மகன் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றப் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும். வங்கிக் கடன் என்றோ முடிந்துவிட்டாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படவில்லை. அதற்குப் படிவம் 35-ம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். மகன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறாராம், 20-ஆம் தேதி. கையெழுத்துப் பிரச்சினை தீர்ந்தது.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். நாளை ஒரு விபத்து நடந்தால் விற்றவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். அந்தப் பாவத்தை நான் கட்டிக்கொள்ளமாட்டேன்.

டிசம்பர் 14, சனி

விடாத மழை. பெட்டிகளுக்குச் சர்க்கரைப் பாகு கொண்டுபோக முடியவில்லை. மனைவி கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “18,000-ம் 7,000-ம் சேர்ந்தால் 25,000. இன்சூரன்ஸும் பதிவும் போனால் கையில் என்ன மிஞ்சும்? ஜனவரியில் பெட்டிகளுக்குச் சட்டமும் அடை கட்ட மெழுகுத் தாளும் எதை வைத்து வாங்குவீர்கள்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. 14,000-க்கு மேல் கொடுப்பதில்லை என்று இருவரும் பேசி முடித்தோம்.

டிசம்பர் 18, புதன்

மினி டெம்போவில் வண்டியை ஏற்றி மார்த்தாண்டம் கொண்டுவந்தோம். வாடகை என்னுடையது. சாரும் கூட வந்தார்.

அண்ணன் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்தார். முள் ஏறி ஓர் இடத்தில் நின்றது. பிறகு அதே துளை வழியாக ஒரு கரண்டி ஆயிலை விட்டு மறுபடியும் மிதித்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து முள் நன்றாக மேலே போகும் என்றார். முள் முன்பு நின்ற இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. “போர் நல்லாயிருக்கிறது மக்களே. இது வால்வு சீல்தான்” என்றார். சாருக்கு என்னைவிட மகிழ்ச்சி. டீ வாங்கிக் கொடுத்தார்.

அதோடு முடிந்திருந்தால் நான் முன்பணம் கொடுத்திருப்பேன். அண்ணன், “கழுவிவிட்டுப் பேசுவோம்” என்றார்.

டீசல் தெளித்து, பிரஷ் போட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பதினான்கு வருட மண்ணும் கிரீஸும் கரைந்து ஓடின. சென்டர் ஸ்டாண்ட் பொருந்தும் இடத்துக்குச் சற்று மேலே, சேசிஸின் கீழ்க்குழாயில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீர் கணீர் என்று கேட்டது, அந்த இடத்தில் மட்டும் மண்சட்டிபோல் மந்தமாக ஒலித்தது. முனையால் லேசாக அழுத்தினார். உள்ளே போய்விட்டது. துளையிலிருந்து செம்பழுப்புத் தூள் கொட்டியது. பின் ஃபோர்க் கீலைச் சுற்றியும் அதே கொப்புளங்கள்.

கடற்காற்றின் உப்பு. நின்ற வண்டியைத்தான் அது சாவகாசமாகத் தின்கிறது. அதற்கு மேல் போர்த்திய தார்ப்பாய் ஈரத்தை வெளியே விடாமல் வைத்திருந்தது. பாதுகாப்பு என்று நினைத்துச் சார் செய்த காரியம்.

ஹேண்டிலுக்குக் கீழே சேசிஸ் எண் பொறித்த இடத்தையும் துடைத்துப் பார்த்தோம். கடைசி இரண்டு எழுத்துகள் துருவில் மங்கிவிட்டன. மறுபதிவில் ஆய்வாளர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

டிசம்பர் 20, வெள்ளி

தூக்கம் வரவில்லை. அண்ணன் சொன்னதையே சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். “பட்டை வைத்து வெல்டு அடிக்கலாம். அடித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தனி ஆளாகக் கடைக்குப் போய்வர என்றால் நானே செய்துகொடுப்பேன். நீ என்ன ஏற்றப் போகிறாய் என்று யோசி.” வெல்டு அடித்த இடம் பிடித்துக்கொள்ளும், அதன் சூடு பட்ட பக்கத்து இரும்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்க முடியாது என்பதுதான் அவர் பயம். சேசிஸை மாற்றுவது என்றால் ஆர்.டி.ஓ. அனுமதியில் தொடங்க வேண்டும், அந்தச் செலவுக்கு வேறு வண்டியே வாங்கிவிடலாம்.

நான் என்ன ஏற்றுவேன்? ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ. 25 லிட்டர் கேன் நிறைந்தால் 35 கிலோ. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டினால் 70 கிலோ. அதோடு நான், புகைப்பான், கத்தி, சட்டங்கள். களியலிலிருந்து இறங்கும் ரோட்டில் வளைவுகள், மழை பெய்தால் பள்ளங்கள். அத்தனை பாரமும் வந்து விழுவது அந்தக் கொப்புளம் பிடித்த இடத்தில்தான்.

ஊர் முழுவதும் பயந்த புகை ஒரு சின்ன ரப்பர்த் துண்டோடு தீர்ந்துவிடுகிறது. யாரும் வாய் திறக்காத இடம் உளுத்துப்போயிருக்கிறது. என்ஜினைத் தேடித் தேடிப் பார்த்த நான், அது உட்கார்ந்திருக்கும் குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கூட்டம் எவ்வளவு திடமாக இருந்தாலும் அடித்தட்டு செல்லரித்த பெட்டியை நான் தலையில் தூக்குவேனா?

வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். மனைவியை எழுப்பிச் சொன்னேன். “காலையில் சொல்லக்கூடாதா?” என்றாள், ஆனால் நிம்மதியாகத்தான் திரும்பிப் படுத்தாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. வீட்டு முன் நட்சத்திர விளக்கு தொங்கியது. துபாயிலிருந்து வந்த மகனும் இருந்தார். நான் காரணத்தைச் சொன்னதும் அவர், “சரி, 9,000 கொடுங்கள் அண்ணா, எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

பாதி விலை. கால் தடுமாறியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். 9,000-க்கு ஒரு நல்ல என்ஜின். ஒரு பருவம் மட்டும் ஓட்டிவிட்டு விட்டுவிடலாமே என்று மனம் பேசத் தொடங்கியது. அந்த ஒரு பருவத்தில்தான் பாரம் ஏற்றப் போகிறேன் என்பது நினைவுக்கு வந்ததும் வாயைத் திறந்து மறுத்தேன்.

சார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து, “அந்தத் துளையை எனக்குக் காட்டுங்கள் தம்பி” என்றார். அன்று ஒர்க்‌ஷாப்பில் அவர் டீக்கடையில் காசு கொடுத்துக்கொண்டிருந்ததால் சரியாகப் பார்க்கவில்லையாம். வண்டி மறுபடி வந்து நின்ற சாய்ப்பின் கீழ் மண்டியிட்டு, மகன் செல்பேசி வெளிச்சம் காட்ட, விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிய தூளைத் துடைக்காமலே எழுந்தார். “போன வாரம் ஒரு பையன் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று கேட்டு வந்தான். நாளை மறுபடி வருகிறேன் என்றான்” என்று மகனிடம் சொன்னார். “அவனுக்குக் கொடுக்க வேண்டாம். என்ஜினைத் தனியாக யாராவது கேட்டால், முறைப்படி ஆர்.சி.யை ஒப்படைத்துவிட்டுக் கொடுப்போம்.”

பஸ் ஏற்றிவிட மகன் ரோடு வரை வந்தார்.

ஜனவரி 6, 2025, திங்கள்

குலசேகரத்துக்கு மேலே மரங்கள் மொட்டையாகிவிட்டன. ஓரிரு கிளைகளில் செந்தளிர் ஊசி முனைபோல் எட்டிப் பார்க்கிறது. பதினெட்டுப் பெட்டிகளைத் திறந்தேன். புழு வளர்ப்பு நன்றாக இருக்கிறது. இரண்டு பெட்டிகளில் ராணி அறை அடையின் ஓரத்தில் தொங்கியது, கிள்ளிவிட்டேன்.

அருமனைக்காரர் ஒருவரும் களியல்காரர் ஒருவரும் நானும் சேர்ந்து, தேன் எடுக்கும் நாள்களில் ஒரு சரக்கு ஆட்டோவை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். கேன்களும் தேன் எடுக்கும் இயந்திரமும் அதில் போகும். ஆக, எனக்கு வேண்டியது பாரம் சுமக்கும் வண்டி அல்ல, வாராவாரம் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி. முதலிலேயே இப்படி யோசித்திருந்தால் ஒரு டெம்போ வாடகை மிச்சமாகியிருக்கும்.

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒருவரிடம் 2016 மாடல் ஒன்று இருக்கிறதாம். கடலைப் பார்க்காத வண்டி. கிளட்ச் நழுவுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் 22,000 கேட்கிறார். வியாழக்கிழமை அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நாங்கள் வருவதற்கு முன் அடிப்பக்கம்வரை நன்றாகக் கழுவி வைக்கும்படி போனில் சொல்லியிருக்கிறேன்.