பின்னால் படுத்துத் தூங்கும் பயிற்சியாளர்கள்

புதிதாக லாரி ஓட்ட வந்தவரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டுப் பின்னால் படுத்துத் தூங்கும் பயிற்சியாளர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சம்பளம் குறைந்த இன்னொரு டிரைவர் கிடைத்துவிட்டார் என்ற நினைப்பு!

மலையிறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும் என்று வாயால் சொன்னால் போதாது. பாரம் ஏற்றிய வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சக்கரத்திலுள்ள பிரேக் டிரம் சூடேறிப் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். அதைப் புதியவர் உணரும்போது கியரைக் குறைக்கும் கட்டம் தாண்டியிருக்கும். ஏர் பிரேக்கோ மிதித்த கணத்தில் பிடிக்காது. குழாய் வழியே காற்று போய்ச் சேர வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் அரை வினாடித் தாமதம் என்றாலே வண்டி 11 மீட்டர் ஓடியிருக்கும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது கத்தாதீர்கள். கத்தினால் அவர் கண்ணாடியை விட்டுவிட்டு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் பார்க்கப் பழக்குங்கள். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

இன்னும் தயாராகாதவருக்குத் தேர்ச்சி என்று கையெழுத்துப் போடாதீர்கள், அலுவலகம் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.