தசைப்பிடிப்பு இல்லை, எலும்பு இடிக்கிறது

என் மகளுக்கு அப்போது வயது 17. பள்ளி ஹாக்கி அணியில் நடுக்கள ஆட்டக்காரர். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டும்போது ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அது இடுப்பு வலி என்று எனக்குப் புரியவே பல மாதம் ஆனது.

பக்கத்துக் கிளினிக்கில் மூன்று முறை தசைப்பிடிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் எண்ணெய் போட்டு உருவியும் பார்த்தோம். அன்று இரவு வலி கூடியதுதான் மிச்சம்.

கடைசியில் எலும்பு மருத்துவரிடம் போனோம். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அவள் கட்டைவிரலை இடுப்புக்குப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்துப் பிடித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, படுக்கவைத்து முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கி உள்பக்கமாகத் திருப்பினார். “ஐயோ அம்மா!” என்று கத்திவிட்டாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், அப்புறம் மூட்டுக்குள் மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

தொடை எலும்பின் தலை பந்து மாதிரி உருண்டையாக இருக்க வேண்டும். அந்தத் தலை, எலும்பின் குறுகலான கழுத்துப் பகுதியோடு சேரும் இடத்தில் இவளுக்கு ஒரு மேடு. காலை மடக்கும்போதெல்லாம் அந்த மேடு இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் இடித்து, விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் கிழிந்திருந்தது. வளரும் வயதில் கடுமையாக விளையாடும் பிள்ளைகளிடம் இந்த மேடு கூடுதலாகக் காணப்படுகிறதாம். ஒன்பது வயதில் மட்டையைக் கையில் கொடுத்தது நான்தான். அன்று வீடு திரும்பும்வரை என்னால் பேச முடியவில்லை.

மருத்துவர் உடனே கத்தியை எடுக்கவில்லை. அதற்காகவே அவரை நம்பினேன். பிரிட்டனில் இதே கோளாறுள்ள 348 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னார். அறுவை சிகிச்சை, பிசியோ என்ற உடற்பயிற்சி சிகிச்சை இரண்டிலுமே நோயாளிகள் தேறினார்கள், அறுவை சிகிச்சையில் ஓரளவு கூடுதலாகத் தேறினார்கள். அதனால் முதலில் மூன்று மாதம் பிசியோ. நடக்கும்போது இருந்த வலி குறைந்தது. ஆனால் மட்டையோடு தாழக் குனிந்தால் அதே குத்தல். எலும்பின் வளர்ச்சி முடிந்துவிட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்த்த பிறகே தேதி குறித்தார்.

காப்புறுதி நிறுவனம் இடையில் இழுத்தடித்தது. எலும்பின் வடிவம் என்றதும் இது பிறவிக் குறையா என்று கேட்டார்கள். மருத்துவர் தனியாக ஒரு கடிதம் எழுதித் தந்தபின்தான் செலவை ஏற்பதாக உத்தரவாதக் கடிதம் கிடைத்தது. மருத்துவமனையில் சேரும் முன்பே இதைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சை இரண்டரை மணி நேரம். பாதத்தைக் கட்டிக் காலை இழுத்து மூட்டைக் கொஞ்சம் திறந்து, சிறு துளைகள் வழியாக மேட்டைச் செதுக்கி, கிழிந்த வளையத்தை எலும்போடு தைத்தார்கள். கண் விழித்ததும் தொடையின் வெளிப்புறம் மரத்துப்போயிருக்கிறது என்றாள். இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சில வாரங்களில் சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த நாளில் லிப்ட் கெட்டுக் கிடந்தது. மூன்றாவது மாடி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று பிசியோ சொல்லிக்கொடுத்ததை ஒவ்வொரு படியிலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினாள். தரையில் உட்காரக் கூடாது, தாழ்ந்த சோபாவும் கூடாது. கழிப்பறை இருக்கையை உயர்த்தி வைத்தோம். அந்தத் தீபாவளிக்கு எல்லாரும் தரையில் வாழை இலை போட்டுச் சாப்பிட, இவளுக்கு மட்டும் உயரமான நாற்காலி. பாட்டியும் தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

நான்காவது மாதம் மெல்ல ஓடத் தொடங்கினாள். ஏழாவது மாதம் ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி இரண்டு கால்களின் தூரத்தையும் அளந்தார்கள். வலி இருந்த கால், மற்றக் காலின் தூரத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டிய பிறகுதான் ஆட்டத்துக்கு அனுமதி கிடைத்தது.