வெங்காயச் சருகும் அப்பாவின் வேட்டியும்

மூன்று வாரமாக வெங்காயச் சருகைக் குப்பையில் போடாமல் பையில் சேர்த்துவந்தேன். வீட்டில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. நேற்று அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியில் பாதியைக் கிழித்துச் சாயம் போட்டாயிற்று.

துணியைச் சோப்புப் போட்டு அலசி, படிகாரம் கரைத்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்தேன். 100 கிராம் துணிக்கு 15 கிராம். இதை விட்டுவிட்டால் சாயம் நூலைச் சரியாகப் பிடிக்காது. சருகை முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தச் சூட்டிலேயே துணியை ஒரு மணி நேரம் போட்டுவைத்தேன். சிவப்பு வரும் என்று நினைத்தால், வந்தது நல்ல பொன்மஞ்சள்! ஒரு துண்டை மட்டும் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்த தண்ணீரில் முக்கினேன். கண்ணெதிரே பாசிப்பச்சையாகக் கறுத்தது.

போன மாதம் மஞ்சள்தூளில் முக்கிய கைக்குட்டை கதை வேறு. சோப்புப் பட்டதும் குங்கும நிறம். வெயிலில் நாலு நாள் கிடந்ததும் வெளிறிவிட்டது. சாம்பார் கறை பட்ட சட்டையை அம்மா வெயிலில் போடுவதன் ரகசியம் அப்போதுதான் புரிந்தது.

அடுத்து மாதுளைத் தோல். சரி, மீதிப் பாதி வேட்டி இப்போது கொடியில் காய்கிறது. அப்பா இன்னும் பார்க்கவில்லை.