குடுக்கறதா இருந்தா

"நாய்க்குப் பச்சைக்கறி குடுக்கலாம்" என்று நான் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "குடுக்கறதா இருந்தா இப்படிக் குடுங்க" என்றுதான் சொன்னேன். எனக்கு இரண்டும் வேறு வேறு வாக்கியம். கேட்டவருக்கு அப்படி இருந்திருக்குமா என்பதில்தான் ஆறேழு மாதமாக என் மனசு நின்றுகொண்டிருக்கிறது.

ஆடிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கால்நடைக் கிளினிக்குக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆள். டைகருக்கு மூன்று வயது, ஜெர்மன் ஷெப்பர்ட். இடுப்பிலும் வாலடியிலும் சொறிந்து சொறிந்து முடி உதிர்ந்திருந்தது. நான் உண்ணிக்கு மருந்து எழுதிக்கொண்டிருக்கும்போது அதன் ஓனர் கேட்டார்.

"மேடம், பச்சைக்கறி குடுத்தாத் தோலுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா? ஃப்ரெண்டு ஒருத்தர் ஒரு வருசமா அதுதான் குடுக்கறாருங்க. நாய் கண்ணாடியாட்டம் மின்னுதுங்க."

விசைத்தறி வைத்திருக்கிறவர். சும்மா கேட்கவில்லை, படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். நாய் ஓநாய் வம்சம், அதன் பல்லே கறிக்கானது, ஆஸ்திரேலியாவில் ஒரு டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றார். பில்லிங்ஹர்ஸ்ட்டைச் சொல்கிறார் என்று புரிந்தது. பச்சை இறைச்சியும் எலும்புமாகக் கொடுக்கும் 'பார்ஃப்' முறையை 1993 வாக்கில் பரப்பியவர். அவரும் எங்கள் தொழில்காரர்தான். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடுதலாக இருப்பதை 2013லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், மனுசன் சோற்றைத் தின்று தின்றே அது நாயானது என்றேன். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012லிருந்தே பச்சைக்கறி வேண்டாம் என்று சொல்லிவருவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது சரிங் மேடம். குடுத்தா எப்படிக் குடுக்கறதுங்க?"

"குடுக்காதீங்க" என்று சொல்லியிருக்கலாம். அடுத்த நாயைக் கூப்பிட்டிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. அது நல்ல காரணம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு கிரேட் டேன் குட்டி வந்தது. முதல் ஊசிக்கு வந்தபோதே அதன் ஓனர் இதே கேள்வியைக் கேட்டார். நான் கறாராகச் சொன்னேன்: பச்சைக்கறி கூடவே கூடாது, எலும்பு தொண்டையில் சிக்கும், குடலைக் கிழிக்கும். "சரிங் மேடம்" என்றார். உடனே சொன்னார். ஐந்தாம் மாதம் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். சோபாவிலிருந்து குதித்ததில் பின்னங்கால் முறிந்திருந்தது. முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. எக்ஸ்ரே பார்த்தபோது சதைக்கும் எலும்புக்கும் வித்தியாசமே பெரிதாகத் தெரியவில்லை. எலும்பின் ஓரம் பென்சிலால் லேசாகக் கோடு இழுத்த மாதிரி இருந்தது. என்ன கொடுக்கிறீர்கள் என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறைதான் உண்மை வந்தது. எலும்பு ஆபத்து என்று நான் சொன்னேனாம். அதனால் எலும்பே இல்லாத கறியாகப் பார்த்து வாங்கி, மூன்று மாதம் அதை மட்டுமே போட்டிருக்கிறார்.

வெறும் கறியில் பாஸ்பரஸ், கால்சியத்தைப் போலப் பதினைந்து இருபது மடங்கு இருக்கும். வளர்கிற குட்டிக்கோ கால்சியம்தான் ஒரு கை கூடுதலாக வேண்டும். வெளியிலிருந்து வராவிட்டால் உடம்பு தன் எலும்பையே கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். இதை முதல் நாளே ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்தக் கால் உடைந்திருக்காது. அவர் என் பேச்சைக் கேட்காதவர் இல்லை. நான் சொன்னதில் காதில் விழுந்ததை மட்டும் கேட்டவர். வேண்டாம் என்ற ஒரே சொல்லால் என் பக்கத்துக் கதவை நான் சாத்திக்கொண்டேன், அவர் பின்பக்கமாகப் போனார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி யாராவது கொடுக்கத்தான் போகிறார் என்று தெரிந்தால் எப்படி என்று சொல்லிக்கொடுப்பது என்று.

அதனால் டைகரின் மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். ஒன்பது வரி.

நாய்க்கு என்று கடையில் தனியாகப் போடுகிற கழிவு வேண்டாம், நீங்கள் சாப்பிடுவதற்கு வாங்குகிற கறியாக, கண் முன்னால் வெட்டியதாக இருக்கட்டும். குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள், தெறிக்கிற தண்ணீரில்தான் கிருமி சமையல் மேடை முழுக்கப் போகும். தனிக் கத்தி, தனிப் பலகை. ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் மூன்று நாள். ராத்திரி மேடையில் எடுத்து வைக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். எவர்சில்வர் தட்டு, அரை மணி நேரத்தில் தின்னாவிட்டால் எடுத்துக் கொட்டிவிடுங்கள், தட்டை வெந்நீரில் கழுவிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆட்டு ஈரலும் நுரையீரலும் பச்சையாகக் கூடவே கூடாது. வெந்த எலும்பு எந்தக் காலத்திலும் கூடாது, அது சில்லுச் சில்லாக உடையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை.

ஈரல் வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். ஆட்டுத்தொட்டியில் நீர்க்கட்டி விழுந்த ஈரலை அறுத்து நாய்க்கு வீசுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சு. நாயின் குடலில் வளர்ந்து, மலத்தில் முட்டையாக வெளியே வந்து, மனுசன் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் அதே கட்டி. எழுதி முடித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இந்த ஊரில் எத்தனை டாக்டர் இப்படி உட்கார்ந்து எழுதித் தருவார்கள் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாதத்தில் டைகருக்கு முடி முளைத்துவிட்டது. கறியால்தான் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். உண்ணி மருந்தால் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி மூன்றாவது வாரம் அவர் தனியாக வந்தார். சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். லேமினேட் செய்திருந்தார். ஒரு பக்கம் உண்ணி மருந்து, மறுபக்கம் என் ஒன்பது வரி. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாராம், நான்கு மூலையிலும் டேப் பிய்த்த பிசுக்கு இருந்தது, ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை.

"இதுல எதை விட்டுட்டேன்னு பாத்துச் சொல்லுங் மேடம்."

அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பியதில் சால்மோனெல்லா கிருமி. புற்றுநோய்க்குக் கீமோ மூன்றாவது சுற்று முடிந்திருந்த நேரம். அங்கே டாக்டர் சிக்கன், மட்டன் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கிறார். புரட்டாசியாச்சே, வீட்டுக்குள் கறியே வரவில்லை என்று சொல்லிவிட்டு, சொன்ன வாய் மூடுவதற்குள் இவருக்கு ஃப்ரீசர் ஞாபகம் வந்திருக்கிறது.

கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் என் கட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு வாதாடியிருப்பேன். அவர் தன் தப்பைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொன்னார். கத்தி தனி. பலகை தனி. தட்டை அவரேதான் கழுவினார், வீட்டுப் பெண்களைத் தொடவிடவில்லை.

"ஃப்ரீசர்ல நீங்க மூணு நாளுன்னீங்க, நான் அஞ்சு நாள் வச்சனுங்க. அந்தக் குளிருக்குக் கிருமி செத்துருமல்லங்க?"

சாகாது. அந்த வரியை நான் ஒட்டுண்ணிக்காக எழுதினேன், சில புழுக்கூடுகள் அந்தக் குளிரில் சாகும். சால்மோனெல்லா தூங்கும், அவ்வளவுதான். இளகியதும் எழுந்துகொள்ளும். இது எனக்குத் தெரியும், அன்றைக்கும் தெரியும். வரியில் எழுதவில்லை. எதற்கு ஃப்ரீசர் என்று சொல்லாமல் ஃப்ரீசர் என்று மட்டும் எழுதினால், படிக்கிறவர் எல்லாவற்றுக்கும் என்றுதானே எடுத்துக்கொள்வார்?

"அம்மா அந்தக் கறிப் பக்கமே வந்ததில்லைங் மேடம்" என்றார்.

"டைகர் எங்க படுப்பான்?"

"அம்மா கட்டலுக்குக் கீழதானுங்க. தலைமுடி கொட்டுனதுக்கப்புறம் அம்மா யாரையும் பாக்க மாட்டேன்னுட்டாங்க. அவன்கிட்ட மட்டுந்தான் பேசுவாங்க. கையை நக்கிட்டே கெடப்பான்."

பலகையைக் கழுவினார், கத்தியைக் கழுவினார். நாயை யார் கழுவுவது? பச்சைக்கறி தின்கிற நாய் வாயிலும் மலத்திலும் அந்தக் கிருமியை வாரக்கணக்கில் சுமக்கும், தனக்கு ஒன்றும் ஆகாமல், வாலை ஆட்டிக்கொண்டு. எனக்குத் தேர்வில் வந்த கேள்வி இது. கைக்குழந்தை, வயதானவர், கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்று வரிசையாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆடி மாதம் அந்த அறையில் எனக்கு எதிரே ஒரு நாயும் அதன் ஓனரும் மட்டும்தான் தெரிந்தார்கள். ஒன்பது வரியில் ஏழு வரி நாயைக் காப்பாற்ற, இல்லை, இப்போது எண்ணிப் பார்க்கிறேன், கத்தி, பலகை, கை கழுவுவது எல்லாம் மனுசருக்காகத்தான். ஆனால் எந்த மனுசர் என்று கேட்கவில்லை. "வீட்ல யார் யார் இருக்கீங்க?" நாலு சொல். வெளியே பெஞ்சில் கூட்டம் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

அவர் தானாகச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு மனசு சொல்கிறது. நாயின் தோலுக்கு மருந்து கேட்க வந்தவர் அம்மாவின் கீமோவை எதற்குச் சொல்வார் என்று இன்னொன்று.

பிறகு முட்டை. பேச்சுவாக்கில் வந்தது. புரட்டாசியாக இருந்தாலும் அம்மாவுக்கு மட்டும் தினம் ஒரு முட்டை. புரோட்டீன் குறையக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம். வாயெல்லாம் புண், கெட்டி மஞ்சள் இறங்காது. அதனால் மருமகள் அரைவேக்காடாக, மஞ்சள் ஓடுகிற பதத்தில் எடுத்து ஸ்பூனில் ஊட்டியிருக்கிறார். சால்மோனெல்லாவுக்கு அதைவிட நேரான வழி வேண்டுமா?

அந்த முட்டையை நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். வாயில் வந்துவிட்டது, "முட்டையாலகூட இருக்கலாமுங்க" என்று. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கணம் நிம்மதி தெரிந்தது, அடுத்த கணம் அது போய்விட்டது. முட்டை ஊட்டியது அவர் மனைவி. நான் பழியை என் சீட்டிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணின் ஸ்பூனில் வைத்துவிட்டேன். உண்மையாகவே இருக்கலாம். உண்மை என்பதற்காகவா சொன்னேன்?

டைகரின் மலத்தை இரண்டு முறை லேபுக்கு அனுப்பினோம். இரண்டிலும் ஒன்றும் இல்லை. அதற்குள் பச்சைக்கறியை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது, கிருமி விட்டுவிட்டுத்தான் வெளியே வரும், அதனால் இல்லை என்ற ரிசல்ட்டுக்கும் அர்த்தம் இல்லை. முட்டையைப் பரிசோதிக்க முட்டை இல்லை. அம்மா பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

சீனியரிடம் சொன்னேன். அவர் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா ஏம்மா, வாயில சொல்லு, எழுதிக் குடுக்காத" என்றார். முப்பது வருட அனுபவம் பேசுகிறது. தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் வாயில் சொன்னதால்தானே அந்தக் குட்டியின் கால் உடைந்தது.

இப்போதெல்லாம் வேகவைத்துக் கொடுங்கள் என்றுதான் தொடங்குகிறேன். கறியைக் குக்கரில் இரண்டு விசில் விட்டால் முடியின் மினுமினுப்பு மங்கிவிடாது, எலும்பை எடுத்துவிடுங்கள், கால்சியம் நான் எழுதித் தருகிறேன் என்கிறேன். வீட்டில் யார் யார் என்றும் கேட்கிறேன். "எதுக்குங்க மேடம், ஓட்டர் லிஸ்ட்டுக்குங்களா?" என்று ஒருவர் சிரித்தார். இன்னொரு பெண் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்றார். அவர் கைப்பையிலிருந்து பால் பாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டின் பின்பக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியது சரியா என்று கேட்டால், கேட்காதீர்கள்.

போன மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு டைகரைக் கொண்டுவந்தார். அம்மா காரிலேயே உட்கார்ந்திருந்தார். தலையில் ஸ்கார்ஃப், ஓரத்தில் புது முடி நரைத்து முளைத்திருந்தது. ஊசி போட்டுவிட்டு நானே கார் வரைக்கும் போனேன். கதவைத் திறந்ததும் டைகர் ஏறி அவர் மடியில் தலையை வைத்தான். அவர் வலது கை அவன் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப எல்லாம் வேகவச்சுத்தானுங் மேடம்" என்றார் மகன், நான் கேட்காமலே. பிறகு கொஞ்சம் தயங்கி, "பல்லு மஞ்சளாகுதுங்க. கடிச்சுட்டிருக்க ஒரே ஒரு எலும்பு மட்டும், வாரத்துக்கு ஒருக்கா, பச்சையா..."

"வேண்டாமுங்க" என்றேன்.

"சரிங் மேடம்" என்றார். உடனே சொன்னார்.