ஆணி இல்லாத செருப்பு

தொழுநோயாளிகளுக்கான எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பில் ஆணி அடிக்கக் கூடாது. பசையும் தையலும் மட்டும்தான். நம் காலில் ஆணி குத்தினால், அடுத்த அடி வைப்பதற்குள் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். தொழுநோயால் நரம்பு கெட்ட பாதத்துக்கு அது தெரியவே தெரியாது. ஆணி ஏறிய காலோடு சந்தைக்குப் போய், மூட்டை இறக்கி, வீடு வந்து சேர்ந்து, தரையில் இரத்தக் கறை இருப்பதைப் பேரன் சொன்ன பிறகுதான் குனிந்து பார்ப்பார்கள். அந்தச் செருப்புக்குக் குதிகாலைச் சுற்றி ஒரு வாரும் வேண்டும். விரல்கள் மடங்கிப்போனவர்களால் செருப்பைப் பற்றிக்கொண்டு நடக்க முடியாது. உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் வளையாத கெட்டி அட்டை. பார்ப்பதற்குச் சாதாரணச் செருப்புதான். அதை மாட்டியிருப்பவருக்கோ அதுதான் காலைக் காப்பாற்றுகிற மருந்து.

வேலூர்ப் பக்கம் மிஷன் தொழுநோய் மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபி டெக்னீஷியனாக வேலை செய்தேன். ஓய்வு பெறும் வரை வேறு எங்கும் போகவில்லை. அந்த வருடங்களில் கை, கண், முகம் என்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாலும், என் கைகளில் அதிகம் இருந்தது பாதங்கள்தான். அந்தப் பாதங்களுக்கான செருப்பு, கட்டுத்துணி, பிளாஸ்டர், ஜீப்புக்கு டீசல், எனக்குச் சம்பளம் எல்லாமே பெரும்பகுதி கடல் கடந்து வந்த காணிக்கையில் நடந்தன. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் பகுதிக்கு அந்தப் பணம் வந்த வழி பழையது. 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, பிறகு சென்னைப் பக்கம் வந்த மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடரின் பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அது அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபையின் மிஷன். 1866இல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி. ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது பின்னாளில் சி.எம்.சி.யாக (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வளர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். நியூயார்க்கில் ஒரு வங்கிக்காரர் இறந்துபோன மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பெரிய கொடைகள் இப்படிப் பெயரோடு கல்வெட்டில் நிற்கின்றன.

என் மனதில் நிற்பது சின்னக் கொடைகள். தொழுநோயாளிகளுக்காகவே 1874இல் அயர்லாந்தில் ஒரு மிஷன் தொடங்கியது. அமெரிக்காவிலும் அதேபோல ஒன்று பிறகு வந்தது. 1913இல் கான்சாஸ் மாநிலத்தில் ஒயிட் கிளவுட் என்ற சின்ன ஊரில் ஒரு பையன், தனக்குக் கிடைத்த மூன்று வெள்ளி டாலரில் ஒரு பன்றிக்குட்டி வாங்கி வளர்த்து, கொழுத்ததும் விற்று, வந்த 25 டாலரைத் தொழுநோயாளி ஒருவருக்காக அனுப்பினான். அந்தச் செய்தி பரவி, அமெரிக்க ஞாயிறு பள்ளிகளில் பன்றி வடிவ உண்டியல்கள் வைத்துக் காசு சேர்த்தார்கள். அந்தப் பையன் ஒரு தொழுநோயாளியையும் நேரில் பார்த்திருக்க மாட்டான். அப்படிச் சேர்ந்த காசுகளின் தொடர்ச்சிதான் 1955இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் எழுந்த மருத்துவமனையும். அதற்குச் சூட்டப்பட்ட ஷெஃப்லின் என்ற பெயர் அந்த அமெரிக்க மிஷனின் தலைவராக இருந்தவருடையது. அப்போது அது வெறும் பாறையும் முள்ளுமான பொட்டல். அங்கே அறுவை மருத்துவராகவும் பிறகு இயக்குநராகவும் இருந்த எர்னஸ்ட் ஃப்ரிட்சி, மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவிலேயே பிறந்தவர். ஒரு பக்கம் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திக்கொண்டே, மறுபக்கம் மழைநீரைத் தடுத்து நிறுத்தி அந்தப் பொட்டலில் மரம் வளர்த்தார். இன்றைக்கும் அந்த வளாகத்துக்குள் போனால் வெயில் குறைந்ததுபோல இருக்கும்.

கை கால்கள் அழுகி விழுவது இந்த நோயினாலேயே என்றுதான் மருத்துவர்களும் வெகுகாலம் நம்பினார்கள். அதை மாற்றியது வேலூர். கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் படித்து 1946இல் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் விரல் மடங்கிய ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து, அவர் பிடித்த பிடியில் வலி தாங்காமல் போனார். தசையில் இவ்வளவு வலு இருக்கிறது, அப்படியானால் நரம்புதானே போயிருக்கிறது என்று அங்கிருந்து யோசித்ததுதான் தொடக்கம். நல்ல தசையின் நாணை எடுத்து மடங்கிய விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சை 1948இல் தொடங்கியது. 1951இல் சி.எம்.சி. வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற சின்னக் குடியிருப்பு அமைத்து, அறுவை முடிந்தவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது, எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது. கடிபட்டவருக்குத் தூக்கம்கூடக் கலையவில்லை. அதன்பின் வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இந்தப் பூனைக் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு புண் வந்த ஒவ்வொருவரிடமும் "எப்படி வந்தது?" என்று கேட்காமல் நான் கட்டுப் போட்டதில்லை. நோயால் வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. சுடுசோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்கியிருப்பார். பஸ்ஸில் இன்ஜின் மேல் காலை வைத்து உட்கார்ந்திருப்பார். செருப்புக்குள் கல் புகுந்திருக்கும். காரணம் கிடைத்துவிட்டால் அடுத்த புண்ணைத் தடுத்துவிடலாம்.

எங்கள் ஜீப் மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஊராகப் போகும். ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டு, கணியம்பாடி. புளியமரத்தடியில் பாய் விரித்து, பிளாஸ்டிக் பேசின்களில் தண்ணீர் ஊற்றி, வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துக் கால் ஊறவைப்போம். இருபது நிமிடம். பிறகு சொரசொரப்பான கல்லால் காய்ப்பைத் தேய்த்து, துடைக்காமல் ஈரத்தின் மேலேயே தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம். இதை அவர்களே தினமும் வீட்டில் செய்யப் பழக்குவதுதான் எங்கள் வேலை. கால் ஊறுகிற நேரத்தில் நான் ஒவ்வொரு பாதத்தின் அடியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். புண் வரப்போகிற இடம் இரண்டு மூன்று நாளுக்கு முன்பே மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கும். அந்தச் சூட்டை அவர்களால் உணர முடியாது. அவர்களுக்காக நம் கைதான் உணர வேண்டும்.

ஒடுகத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் என்னை எப்போதும் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே பழைய புண்ணின் வடு. ஆறி வருஷக்கணக்காயிற்று. ஒருநாள் புறங்கையை வைத்தேன், கொதித்தது.

"இன்னாம்மா, எங்க நடந்தீங்க?"

"கெங்கையம்மன் திருவிழாவுக்கு கொஞ்சம் நடந்தேன் நைனா. கால் நல்லாத்தான் கீது. செருப்புதான் பிஞ்சிப் போச்சி. கோயிலுக்குப் போறதுக்கு இந்தக் குஷ்டரோகி செருப்பை எதுக்குப் போடணும்னு மருமக சொல்லிச்சி. வெறுங்கால்ல போயிட்டேன்."

அன்றைக்கே அவர் காலுக்குப் பிளாஸ்டர் மாவுக்கட்டு போட்டு அனுப்பினோம், புண் வராமல் நின்றது. ஆனால் அந்த மருமகள் சொன்னதை நான் விடவில்லை. கறுப்பு ரப்பரில் ஒரே அச்சாக நாங்கள் செய்து கொடுத்த செருப்பு தூரத்திலிருந்தே ஆளைக் காட்டிக்கொடுத்தது. கடையில் கிடைக்கிற லேடீஸ் செருப்பு மாதிரி வார் வைத்து, உள்ளே மட்டும் எம்.சி.ஆர். போட்டுத் தரும்படி எங்கள் செருப்புப் பட்டறையில் மன்றாடினேன். பல இடங்களிலும் பலரும் இதையே கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நிறமும் வடிவமும் மாறின. அதற்குப் பிறகு அந்த அம்மா செருப்பைக் கழற்றவில்லை.

வெளிநாட்டுச் சபைகளிலிருந்து பார்வையாளர்கள் வருவார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஒரு டென்மார்க் அம்மையார் கையுறை இல்லாமல் உட்கார்ந்து ஒரு தாத்தாவின் காலைக் கழுவி எண்ணெய் தடவியதைப் பார்த்திருக்கிறேன். மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு குஷ்டரோகியைத் தொட்ட பிறகுதான் சுத்தமாக்குகிறார் என்று சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். அதன் அர்த்தம் அந்த அம்மையார் கையில் இருந்தது.

ஆனால் அறிக்கை எழுதும் நேரம் வேறு மாதிரி. இந்த வருடம் எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை அறுவை சிகிச்சை, புகைப்படம் உண்டா என்று கேட்டுக் கடிதம் வரும். அறுவைக்கு முன் மடங்கிய விரல், பின் நிமிர்ந்த விரல் என்று படம் அனுப்பலாம். புண் வராமல் இருந்த காலை எப்படிப் படம் பிடிப்பது? எங்கள் அலுவலகமும் அதை எண்ணிக் காட்டும் வழியைக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. எண்ணிக்கையில் வராத வேலைக்குப் பணம் முதலில் குறையும். குறைந்தது.

1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின். ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை அட்டையைத் தவறாமல் முடித்தால் கிருமி போய்விடும். இது இறைவன் தந்த கொடை என்றுதான் இன்றும் சொல்வேன். 2005 கடைசி நிலவரப்படி, பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கில், தொழுநோய் இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று இந்தியா அறிவித்தது. அந்தச் செய்தி போன நாடுகளில், நோய் முடிந்துவிட்டது என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான். கிருமி போனவர்களுக்கும் போன நரம்பு திரும்பாது. எனக்கு எண்பது வயதுப் பெரியவர்களைத் தெரியும், மருந்து முடித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, காலைக் கழுவிப் பார்ப்பதை ஒரு நாள் விட்டாலும் ஆபத்து. இவர்களைக் கணக்கில் 'குணமடைந்தவர்' என்று எழுதி மூடியாயிற்று.

வெளிநாட்டுச் சபைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. அங்கேயும் ஆலயங்களில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், உண்டியல் போட்ட தலைமுறை மண்ணுக்குள் போய்விட்டது. நூறு வருடத்துக்கு மேல், தாங்கள் பார்க்காத கால்களுக்காகக் கொடுத்தார்கள். இனியும் அவர்களே கொடுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் எனக்குச் சங்கடம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கிற ஷூக்களை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். தோல் பதனிட்டு, ஷூ தைத்து உலகத்துக்கு அனுப்புகிற பகுதி இது. நம் ஊர்த் தாத்தாவுக்கு ஒரு ஜோடிச் செருப்பு தைத்துக் கொடுக்க ஐரோப்பியச் சபையின் காணிக்கைக்குக் காத்திருக்க வேண்டுமா?

நம் சபைகளில் கொடுக்கிற பழக்கம் இல்லாமல் இல்லை. எங்கள் அம்மா ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார், மாதக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஏலத்தில் ஆயிரங்களுக்கு எடுக்கிறவர்கள் நம்மிடம் உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் சுற்றுச்சுவருக்கும் டைல்ஸுக்கும் கோபுரத்துக்கும் போகிறது. ஆலயம் அழகாக இருப்பது தவறில்லை. ஆனால் ஆலய வாசலில் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருப்பவருக்கு நாம் சில்லறை போடுகிறோம், அவர் காலைப் பார்ப்பதில்லை.

எங்கள் சேகரத்தில் (ஓர் ஆயரின் கீழுள்ள சபைகள்) போன வருடம் இதைப் பெண்கள் சங்கத்தில் எடுத்துச் சொன்னேன். ஆயர் முதலில் தயங்கினார். ஒரு தடவை கொடுத்தால் போதாதே என்பதுதான் அவர் தயக்கம், அது நியாயமும்கூட. வயலிலும் செங்கல் சூளையிலும் நடக்கிறவருக்கு ஆறு மாதத்தில் ரப்பர் நசுங்கிவிடும், வருடத்துக்கு இரண்டு ஜோடி வேண்டும், ஆயுசுக்கும் வேண்டும். சங்கத்துப் பெண்கள் ஒப்புக்கொண்டார்கள், பிடியரிசிக் காணிக்கையை இதற்கென்றே ஒதுக்கினார்கள். கிராமம் கிராமமாகப் போய் வெள்ளைத் தாளில் பாதத்தை வைத்துப் பென்சிலால் வரைந்து, புண் வடு இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு வருகிறோம். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் அந்தத் தாள்களில் இருக்கிறார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தைத்துத் தருகிறார். ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரு தடவைதான் சொன்னேன், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது வார் எந்த நிறத்தில் வேண்டும் என்பதையும் அவரே தாளில் எழுதி வாங்கிவரச் சொல்கிறார்.